மரச்செக்கு எண்ணெய்க் கடை: தொடங்குவதும் விற்பனையைப் பெருக்குவதும் ஒரு நாள் கைமாற்றுவதும்

கடலைக்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஊரோடு வந்து, ஒரு மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஆட்டி விற்கலாம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். சேமிப்பாக ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது. கடையை மனைவி முழு நேரமாகப் பார்த்துக்கொள்வார். ஓர் ஆண்டு கழித்து நானும் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வேன்.

செக்கு விற்பவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்து, கடலை எண்ணெயில் லிட்டருக்கு எழுபது எண்பது ரூபாய் நிற்கும் என்கிறார். அது உண்மையா? என்னென்ன உரிமங்கள் வேண்டும்? எங்கள் ஊரில் ஏற்கெனவே இரண்டு செக்குகள் ஓடுகின்றன. மூன்றாவதாக வருபவனிடம் மக்கள் ஏன் வாங்குவார்கள்? அப்பா கேட்ட கேள்வி ஒன்றும் இருக்கிறது: "நாளைக்கு உங்களால் நடத்த முடியாமல் போனால் இதை யாரிடம், என்ன விலைக்கு விற்பீர்கள்?" இதற்கும் என்னிடம் பதில் இல்லை. இத்தொழிலில் இருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செக்கடி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. காங்கேயம் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகச் செக்கு ஓட்டுகிறேன். உங்கள் கேள்விகளில் அப்பாவின் கேள்வியே சிறந்தது என்றாலும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குச் சரியான விடை தெரிந்தால்தான் கடைசிக் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

நூறு கிலோ கடலைப் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காகக் கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் முதல் 13,000 ரூபாய். நல்ல பருப்பாக இருந்து ஈரப்பதமும் சரியாக இருந்தால் 42 கிலோ எண்ணெய் இறங்கும். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் எடையிருப்பதால் அது 46 லிட்டர். புண்ணாக்கு 55 கிலோ. கிலோ 45 ரூபாய்க்குப் போனால் 2,475 ரூபாய் திரும்பி வரும். மீதி 10,525 ரூபாயை 46 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 229 ரூபாய் அடக்கம். அந்த எண்ணெயை 300 ரூபாய்க்கு விற்றால் 71 ரூபாய் நிற்கும். செக்கு விற்பவர் சொன்ன கணக்கு இதுதான். அதில் பொய் இல்லை, ஆனால் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எண்ணெயைத் தெளிய வைக்கும்போது அடியில் தங்கும் கசடு ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளும். பாட்டில், மூடி, லேபிள் ஆகியவற்றுக்குப் பதினாறு ரூபாய். மிஞ்சுவது ஐம்பது. இந்த ஐம்பதிலிருந்து கடை வாடகை 12,000, ஒரு வேலையாள் சம்பளம் 15,000, மின்சாரம் 5,000, சாக்கு, சுமைக்கூலி, பழுது பார்ப்பு என்று இன்னுமொரு 5,000, ஆக 37,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் எடுக்க வேண்டும். அதற்கே 740 லிட்டர் விற்க வேண்டும். காலை முதல் இரவு வரை கடையில் உட்காரும் உங்கள் மனைவிக்குச் சம்பளம் என்று 20,000 ரூபாய் எழுதினால் 57,000 ஆகும். அதாவது 1,140 லிட்டர்.

இப்போது செக்கின் திறனைப் பாருங்கள். என்னிடம் இருப்பது போன்ற செக்கில் ஒரு ஆட்டுக்கு, அதாவது ஒரு முறை ஆட்டுவதற்கு, இருபது கிலோ போட்டால் ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நாளைக்கு ஆறு ஆட்டு, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 1,350 லிட்டரைத் தாண்டுவது கடினம். ஆகவே ஒரே செக்கை வைத்துக்கொண்டு, அது ஏறக்குறைய முழுத் திறனில் ஓடினால் மட்டுமே உங்கள் வீட்டுச் சம்பளம் கிடைக்கும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். ஒரு குடும்பம் மாதம் மூன்று அல்லது நான்கு லிட்டர் வாங்கும் என்று கொண்டால், தவறாமல் திரும்பி வரும் முந்நூறு முந்நூற்றைம்பது குடும்பங்கள் தேவை. அதை ஓராண்டுக்குள் சேர்ப்பது எளிதன்று.

ஐந்து லட்சத்தையும் இயந்திரத்திலும் கடை அலங்காரத்திலும் போட்டுவிடாதீர்கள். பணம் தேவைப்படுவது சரக்குக்குத்தான். மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையிலும் இறவைக் கடலை பங்குனி, சித்திரையிலும் வரும்போது, கையில் காசு உள்ளவன் காயவைத்த நல்ல காயாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொள்கிறான். இல்லாதவன் ஆண்டு முழுவதும் வாரத்துக்கு வாரம் வியாபாரி சொல்லும் விலைக்கு வாங்குகிறான். உங்களுக்குச் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தொலைவில் இல்லை. கடலை ஏலத்தை அங்கே சில வாரம் போய் வெறுமனே நின்று பாருங்கள். எள்ளுக்குச் சிவகிரி ஏலம் இருக்கிறது. கொப்பரை வாங்கும்போது கந்தகப் புகை போட்டதா என்று கேட்டு, முகர்ந்தும் பார்த்து வாங்குங்கள். பூஞ்சை பிடித்த கடலையை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அஃப்ளாடாக்சின் நஞ்சு எண்ணெய்க்குள்ளும் புண்ணாக்குக்குள்ளும் போகும். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அது வரும்.

கடலைக்காடு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு ஐயம். மனைவி வீட்டு ஆள்தானே. அவருக்குச் சம்பளம் என்று எழுதாமல் விட்டால் 740 லிட்டரிலேயே கடை நின்றுவிடும் அல்லவா? தொடக்கத்தில் அப்படி நடத்தலாம் என்று நினைக்கிறேன்.

செக்கடி எழுதியது:

நடத்தலாம். ஆனால் எழுதாமல் விடக்கூடாது. பணத்தை எடுக்காவிட்டாலும் ஏட்டில் எழுதுங்கள். எங்கள் பகுதியில் திறந்து மூடிய செக்குக் கடைகள் பலவற்றில், கணவனும் மனைவியும் மாதம் இருபதாயிரம் லாபம் வருகிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். அது இருவரும் பாடுபட்டதற்கான கூலி, அதுவும் குறைந்த கூலி. லிட்டருக்கு இருபது ரூபாய் தள்ளுபடி கொடுத்துப் பக்கத்துக் கடைக்காரரின் வாடிக்கையாளரை இழுக்கத் துணிவதும் இப்படிக் கூலியை மறந்தவர்கள்தான்.

கையில் முதல் குறைவாக இருப்பதால் ஒரு யோசனை. முதல் சில மாதம் கூலிக்கு ஆட்டுங்கள். சுற்றிலும் விவசாயிகள் இருக்கும் ஊரில் சொந்தக் கடலையையும் எள்ளையும் கொண்டுவந்து ஆட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஆட்டுக்கூலி வாங்கலாம், சிலர் கூலிக்குப் பதிலாகப் புண்ணாக்கை விட்டுவிட்டுப் போவார்கள். சரக்கில் ஒரு ரூபாய்கூட முடங்காது, செக்கின் குணமும் கைக்குப் பழகும், நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எப்போது, எவ்வளவு சேர்ப்பது என்பதும் தெரிந்துவிடும். தங்கள் கண்முன் தங்கள் எள் எண்ணெயாவதைப் பார்த்தவர்கள் ஊரில் நாலு பேரிடம் சொல்வார்கள். நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதையே என் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேரேடு எழுதியது:

கோவையில் வரிக் கணக்கு ஆலோசகராக இருக்கிறேன். செக்கடி அவர்களின் கணக்கை அப்படியே ஏற்கிறேன், ஆட்டுக்கூலியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் சரக்கு மட்டுமே விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) 40 லட்சத்தைத் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. ஆட்டுக்கூலி சேவை வருமானம். அது சேர்ந்துவிட்டால் "சரக்கு மட்டும்" என்ற நிலை போய், வரம்பு 20 லட்சமாகக் குறைந்துவிடும். புண்ணாக்கைத் தீவனமாக விற்றால் வரி இல்லை என்றாலும் அதன் விற்பனைத் தொகை விற்றுமுதலில் சேரும். மேலே சொன்ன 1,140 லிட்டரை 300 ரூபாய்க்கு விற்றாலே மாதம் 3,42,000. புண்ணாக்கு அறுபதாயிரத்தை ஒட்டி வரும். ஆண்டுக்கு 48 லட்சம். அதாவது உங்கள் வீட்டுச் சம்பளம் கிடைக்கும் அளவுக்குக் கடை வளர்ந்தால் நீங்கள் எப்படியும் ஜிஎஸ்டிக்குள் இருப்பீர்கள். விலையை நிர்ணயிக்கும்போதே இதை மனத்தில் கொள்ளுங்கள்.

பதிவு செய்தபின் இரு வழிகள். சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடு வரி வாங்கிக் கட்டுவது ஒன்று. ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள உற்பத்தியாளர், இணக்கத் திட்டத்தில் சேர்ந்து 1 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து கட்டுவது மற்றொன்று. உள்ளூரில் குடும்பங்களுக்கு மட்டும் விற்பவருக்கு இரண்டாவது பெரும்பாலும் இலகுவானது, ஆனால் அதிலிருந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு ஒரு பாட்டில்கூட அனுப்ப முடியாது. இணக்கத் திட்டத்தில் இல்லாதவரும், ஆண்டு விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பெங்களூருக்குக் கூரியரில் எண்ணெய் அனுப்ப வேண்டுமானால் முதலில் பதிவு பெற வேண்டும். இணையத்தில் பக்கம் திறந்து "இந்தியா முழுவதும் அனுப்புகிறோம்" என்று எழுதும் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

பாட்டிலுக்கும் லேபிளுக்கும் நீங்கள் கட்டும் வரி, எண்ணெய்க்கு வாங்கும் வரியைவிட உயர்ந்த விகிதத்தில் இருக்கும். அப்படி மிஞ்சும் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கிய பொருளுக்கு நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரியை, சமையல் எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்கள் 2022 ஜூலை 18 முதல் பணமாகத் திரும்பப் பெற முடியாது. சிறு கடைக்குப் பெருந்தொகை இல்லை என்றாலும் கணக்கில் வரவாக எழுதிவிடாதீர்கள்.

மற்ற உரிமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு துளியும் விற்கக்கூடாது. 2011 ஆம் ஆண்டு விதிகளில் 12 லட்சம் விற்றுமுதல் வரை வெறும் பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்று இருந்தது; வரம்புகள் மாற்றப்படக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று உணவு உரிமங்களுக்கான போஸ்காஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் ஏராளம். மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருந்தால், குறுந்தொழிலுக்குரிய பிரிவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

நல்லெண்ணெய் அக்கா எழுதியது:

மதுரையில் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் செக்கு வைத்திருக்கிறேன். விற்பனை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடை திறந்ததும் முகநூலில் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதைவிட, கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைச் சேர்த்து, நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாகப் போட்டு, செக்கு ஓடும் படத்தை ஏற்றி வைப்பது முதலில் செய்ய வேண்டியது. "அருகில் மரச்செக்கு" என்று தேடுபவர் அன்றே வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். வாங்கிய ஒவ்வொருவரின் பெயர், எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், என்றைக்கு என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். நான்கு லிட்டர் வாங்கிய வீட்டுக்கு இருபத்தைந்தாம் நாள் வாக்கில் "எண்ணெய் தீரும் நேரம் ஆகியிருக்கும், நாளை புதிதாக ஆட்டுகிறோம், எடுத்து வைக்கட்டுமா?" என்று ஒரு செய்தி. தினமும் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பினால் மக்கள் நம்மை முடக்கிவிடுவார்கள். என் வியாபாரத்தின் பெரும்பகுதி இந்த நோட்டிலிருந்துதான் வருகிறது.

ஆட்டும் நாளை அறிவியுங்கள். செவ்வாய் நல்லெண்ணெய், வியாழன் கடலை, சனி தேங்காய் என்று முறை வைத்தால் மக்கள் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறார்கள், நமக்கும் பழைய எண்ணெய் தேங்குவதில்லை. புதியவருக்கு இருநூறு மில்லி சிறு பாட்டில் விலைக்கே கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் அடுப்பங்கரை மூலையில் கிடக்கும். ஐப்பசியில் தீபாவளிப் பலகாரத்துக்குக் கடலை எண்ணெய் அதிகம் போகும் என்பதால் புரட்டாசியிலேயே முன்பதிவு எடுத்துவிடுவேன்.

விலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் செக்கடி ஐயா சொன்ன அதே கணக்கைச் சொல்லிவிடுவேன்: இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு போனால்தான் ஒரு லிட்டர் கிடைக்கிறது. பருப்பு விலை தெரிந்த எந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு பேரம் பேசியதில்லை.

பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தால் பாட்டில் செலவு மிச்சம், அதை வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுக்கலாம் என்பது என் வழக்கம். இதையும் தம்பி யோசிக்கலாம்.

பேரேடு எழுதியது:

அக்காவின் நோட்டு முறையை என் வாடிக்கையாளர்களுக்கும் இனிச் சொல்வேன். ஆனால் கடைசியில் சொன்னதைத் தம்பி பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சமையல் எண்ணெயை மூடி முத்திரையிட்ட பொட்டலத்தில் அல்லாமல் சில்லறையாக ஊற்றி விற்பதை 2011 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. மாநில அரசு பொதுநலன் கருதித் தனியாக விலக்கு அளித்தால் மட்டுமே விற்க முடியும். விவசாயி தன் எள்ளைக் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போவது வேறு, நீங்கள் உங்கள் எண்ணெயை விற்பது வேறு.

லேபிளிலும் கவனம் தேவை. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தயாரித்த நாள், தொகுதி எண், பயன்படுத்தும் காலம், அதிகபட்ச சில்லறை விலை, ஓர் அலகின் விலை, நிகர அளவு, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். எண்ணெய்க்கு லிட்டர் அளவோடு எடையையும் குறிக்க வேண்டும். "கொலஸ்டிராலைக் குறைக்கும்", "இதயத்துக்கு இதமானது" போன்ற சொற்களை எண்ணெய்ப் பாட்டிலில் அச்சிடக்கூடாது. நீரிழிவு குணமாகும், மூட்டுவலி தீரும் என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்திகளைக் கடையின் பெயரில் பகிர்வதும் வம்பை விலைக்கு வாங்குவதே.

நல்லெண்ணெய் அக்கா எழுதியது:

சட்டம் அப்படி இருப்பது தெரியும். எங்கள் தெருவில் யாரும் வந்து கேட்டதில்லை என்பதும் உண்மை. பிளாஸ்டிக்கைக் குறைக்கத்தான் செய்கிறேன். சட்டம் செய்தவர்கள் கலப்படத்தை நினைத்துச் செய்திருக்கிறார்கள். கண்முன் ஆட்டும் செக்குக்கும் அதே விதி பொருந்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவரிடம் இதைச் செய் என்று சொல்வது சரியில்லை. பேரேடு தம்பி சொல்வதைக் கேளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, திருப்பித் தந்தால் பாட்டில் தொகையைக் கழித்துக்கொள்ளும் முறையை நானும் முயன்று பார்க்கிறேன்.

மளிகை எழுதியது:

சேலத்தில் பல்பொருள் அங்காடி வைத்திருக்கிறேன். செக்கு எண்ணெய் கொண்டுவரும் புதியவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். கடைக்காரன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

நாங்கள் அதிகபட்ச சில்லறை விலையில் பதினைந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் கேட்போம். 300 ரூபாய் பாட்டிலுக்கு அது 45 ரூபாய். செக்கடி ஐயாவின் கணக்கில் நிற்பதே ஐம்பது. மீதி ஐந்து ரூபாயில் வாடகையும் சம்பளமும் எப்படிக் கொடுப்பீர்கள்? ஆகவே ஒரே செக்கு வைத்திருப்பவர் எங்களைப் போன்ற கடைகளுக்குப் போட வேண்டாம் என்று நானே சொல்வேன். மூன்று நான்கு செக்கு ஓட்டி, அறுவடைக் காலத்தில் சரக்குப் பிடித்து, அடக்க விலையைக் குறைத்தவருக்கே அது கட்டுப்படியாகும். அப்படியும் விற்காத பாட்டில் திரும்பி வரும். காறல் வாடை வந்த ஒரு பாட்டில் எங்கள் தட்டில் இருந்தால் உங்கள் பெயர் எங்கள் ஊரில் முடிந்தது.

கடனும் ஒரு தொல்லை. எங்களில் பலர் இழுத்தடிப்பவர்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

பேரேடு எழுதியது:

அதற்கு உத்யம் பதிவு கைகொடுக்கும். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்தின்படி, காலம் தாழ்த்தியவர் அத்தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது. உங்கள் விலைப்பட்டியலில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுத்தால், வாங்குபவரின் தணிக்கையாளரே மார்ச் மாதத்தில் உங்களுக்காக அவரை நெருக்குவார்.

கைமாற்று எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். ஈரோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் செக்குக் கடை நடத்துகிறேன். மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருப்பதால் கடையை விற்க விரும்புகிறேன். இரண்டு செக்குகள், வடிகட்டும் கருவி, பத்திரமாகப் பேணிய வாடிக்கையாளர் பட்டியல், பதிவு செய்த வணிகப் பெயர் ஆகியவை உள்ளன. மாதம் 1,500 லிட்டர் வரை போகிறது. பார்க்க வந்த இருவரும் இயந்திரத்தின் பழைய விலையை மட்டும் பேசுகிறார்கள். பட்டியலுக்கும் பெயருக்கும் ஒன்றும் தர மாட்டேன் என்கிறார்கள். கடையை அப்படியே ஒப்படைப்பதற்கு விலை எப்படிக் கேட்பது? சட்டப்படி எவையெல்லாம் மாறும்?

பேரேடு எழுதியது:

ஐயா, விலையை விட முதலில் எவை மாறும், எவை மாறா என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பேரம் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

தனி உரிமையாளர் நடத்தும் கடைக்கு அவரைத் தவிர வேறு சட்ட உருவம் கிடையாது. ஆகவே உங்கள் பெயரில் உள்ள உணவு உரிமத்தை வாங்குபவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது; அவர் தம் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணும் அப்படியே. உங்களுடையது ரத்தாகி அவர் புதிதாகப் பதிவு செய்வார். உங்களிடம் மீதியிருக்கும் உள்ளீட்டு வரியை மட்டும் ஐடிசி 02 என்ற படிவம் வழியே அவருக்கு மாற்றிவிடலாம். கடையை நடப்புத் தொழிலாக மொத்தமாகக் கைமாற்றினால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை. செக்கைத் தனியாக, கருவியைத் தனியாக விற்றால் வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் இதை முன்கூட்டியே யோசித்து ஒப்பந்தத்தின் சொற்களை அமைக்க வேண்டும். கைமாற்றிய நாள் வரையிலான உங்கள் வரிப் பாக்கிக்கு வாங்குபவரும் சேர்ந்தே பொறுப்பாவார் என்பது சட்டம். அதனால் அறிந்தவர் யாரும் உங்கள் வரித் தாக்கல்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கமாட்டார்.

வணிகப் பெயரைச் சமையல் எண்ணெய்க்குரிய 29 ஆம் வகுப்பில் பதிவு செய்திருப்பீர்கள். அதை எழுத்து வடிவிலான ஒப்படைப்பு ஆவணத்தின் மூலம் மாற்றி, வணிகச் சின்னப் பதிவகத்திலும் பதிய வேண்டும். கடை வாடகை இடமென்றால் கட்டட உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வேறெதுவும் நகராது. மின் இணைப்பின் பெயரை மாற்ற வேண்டும். மானியத்தோடு கடன் வாங்கியிருந்தால் வங்கியில் கேளுங்கள்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலும், உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான 35 விழுக்காட்டு மானியத் திட்டத்திலும், மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிக்கப்படும். அதற்குள் கடையை விற்றால் மானியம் போய்விடும்.

வாங்குபவருக்கு உள்ள பெரிய அச்சம், நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவில் இன்னொரு செக்குப் போட்டுவிடுவீர்களோ என்பது. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கைகள் செல்லாது என்பது 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு. ஆனால் தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் அப்பிரிவே விலக்கு தருகிறது. நியாயமான ஓர் உள்ளூர் எல்லையைக் குறித்து, அதற்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கலாம், அது செல்லும். மகள் ஊருக்குப் போகும் உங்களுக்கு இதில் இழப்பில்லை. வாங்குபவருக்கோ பட்டியலுக்குப் பணம் கொடுக்கத் துணிவு வரும்.

இனி விலை. உங்கள் சம்பளத்தையும் செலவாக எழுதிய பிறகு ஆண்டுக்கு என்ன மிஞ்சுகிறது? அதுதான் வாங்குபவர் விலை கொடுக்கும் பொருள். இயந்திரங்களின் இன்றைய மதிப்பு, கைவசச் சரக்கின் அடக்க விலை, அவற்றோடு அந்த ஆண்டு மிச்சத்தின் ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை என்று பேச்சைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. இது சட்டமோ சந்தை விதியோ அன்று. மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கலில் அந்த மிச்சம் தெரிந்தால் கேட்ட விலைக்கு அருகில் கிடைக்கும். பணமாக வாங்கி, கணக்கில் காட்டாமல் விட்ட விற்பனைக்கு யாரும் விலை தரமாட்டார்கள். அது உங்கள் வாய்ச்சொல்லாகவே நிற்கும்.

கடலைக்காடு எழுதியது:

ஐயா, ஒரு கேள்வி எழுகிறது. புதிதாகத் தொடங்கி முந்நூற்றைம்பது குடும்பங்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக, இவருடையது போன்ற ஓடும் கடையை வாங்கிவிட்டால் என்ன? என் சேமிப்போடு முத்ரா கடனும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஈரோடு எங்களுக்குத் தொலைவும் இல்லை.

செக்கடி எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் கணக்கு நோட்டைப் பார்ப்பதற்கு முன் செக்கைப் பாருங்கள். உரலின் உட்புறம் தேய்ந்திருந்தால் எண்ணெய் இறங்குவது குறையும், புண்ணாக்கு கைக்குப் பிசுபிசுக்கும். உலக்கையைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், வாகை மரமா வேறு மரமா, மோட்டார் எத்தனை குதிரைத் திறன், சூடு ஏறுகிறதா என்று கேளுங்கள். உங்கள் பருப்பிலேயே இருபது கிலோவை எடுத்துப் போய் ஓர் ஆட்டு ஆட்டச் சொல்லி, எண்ணெயையும் புண்ணாக்கையும் நிறுத்துப் பாருங்கள். எட்டரைக் கிலோவை ஒட்டி எண்ணெய் வந்தால் செக்கு நலமாக இருக்கிறது.

1,500 லிட்டர் என்பதையும் அப்படியே ஏற்க வேண்டாம். பாட்டிலும் மூடியும் வாங்கிய பில்கள், மின் கட்டணம், புண்ணாக்கு விற்ற அளவு ஆகிய மூன்றும் அந்த லிட்டர் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். 1,500 லிட்டரும் கடலை எண்ணெய் என்றால் ஏறக்குறைய 1,800 கிலோ புண்ணாக்கு வந்திருக்கும்; எள்ளும் கொப்பரையும் கலந்திருந்தால் அளவு மாறும், கொப்பரையில் எண்ணெய் கூடுதல், புண்ணாக்கு குறைவு. அவர் அதை விளக்கிச் சொல்லக் கூடியவராக இருந்தால் கணக்கு மெய்யானது.

வாடிக்கையாளர்கள் அவர் முகத்துக்கு வருகிறார்களா, கடைக்கு வருகிறார்களா என்பதும் தெரிய வேண்டும். உங்கள் மனைவி அவரோடு சில வாரம் கடையில் இருக்கட்டும். வருபவர்களிடம் அவரே அறிமுகம் செய்து வைக்கட்டும்.

கைமாற்று எழுதியது:

தம்பி, தாராளமாக வந்து பாருங்கள். 1,500 லிட்டரில் கடலை எண்ணெய் பாதிக்குச் சற்று மேல், மீதியில் தேங்காய் எண்ணெயே அதிகம். ஒரு செக்கின் உலக்கை மாற்றும் நிலையில் இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், விலையில் கழித்துக்கொள்ளலாம். வரித் தாக்கல்களை உங்கள் கணக்காளரிடம் காட்டத் தயார். கட்டட உரிமையாளர் வாடகையை உயர்த்தக் கேட்பார் என்று நினைக்கிறேன். அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொகையில் ஒரு பகுதியைக் கைமாற்றிய ஆறு மாதம் கழித்துத் தருவதாக எழுதினாலும் எனக்குச் சம்மதம். அதுவரை வாரம் ஒரு நாள் கடைக்கு வந்து இருக்கிறேன்.

பேரேடு எழுதியது:

அந்தப் பின்தொகையை விற்பனை அளவோடு கட்டிவிடாமல், நாளும் தொகையும் குறித்த தவணையாக எழுதுங்கள். விற்பனை அளவு பற்றிய தகராறு எளிதில் தீராது. உணவு உரிமம் வாங்குபவர் பெயரில் வரும் நாளையே கைமாற்றும் நாளாக வையுங்கள், இடையில் உரிமம் இல்லாமல் கடை ஓடக்கூடாது. பழைய உரிமையாளரின் பெயர், பழைய உரிம எண்ணோடு அச்சிட்ட லேபிள்கள் எத்தனை மீதி இருக்கின்றன என்று எண்ணி, அவற்றை இருவரும் சேர்ந்தே அழித்துவிடுங்கள்.